ஸ்பிட்டிக்குத் தனியாக பைக்கில்: கிளம்பும் முன் போட வேண்டிய கணக்குகள்

இமாச்சலத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குள் நுழைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் சட்லெஜை ஒட்டி ஏறுவது. ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஜா வரை ஏறக்குறைய 420 கி.மீ. இன்னொன்று, மணாலியிலிருந்து அடல் சுரங்கம், கிராம்பூ, பாத்தல், குன்சும் கணவாய் வழி, 200 கி.மீ.க்குள் முடிந்துவிடும். தூரத்தைப் பார்த்து மணாலி வழியில் ஏறுபவர்கள்தான் அதிகம். தனியாகப் போகிறவர் அந்த வழியை இறங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் உயரம். மணாலி சுமார் 2,050 மீட்டர், காஜா 3,650, நடுவில் குன்சும் 4,551. காலையில் மணாலியில் கிளம்பி இரவு காஜாவில் படுத்தால் தூங்கும் உயரம் ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறிவிடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். உடம்புக்கு முடியாமல் போனால் இறங்குவதுதான் மருந்து. ஆனால் காஜாவிலிருந்து சட்டென்று இறங்க வழியில்லை. மணாலிப் பக்கம் போக மறுபடி குன்சும் ஏற வேண்டும். கின்னௌர்ப் பக்கம் டாபோ 3,280 மீட்டர்தான். அதற்கும் கீழே போக, நாக்கோவின் 3,600 மீட்டர் மேட்டைத் தாண்டியாக வேண்டும். அதனால்தான் உள்ளே போகும்போதே மெதுவாகப் போகச் சொல்கிறோம்.

முதல் இரவு நார்கண்டா (2,700), இரண்டாவதும் மூன்றாவதும் கல்பா (2,960), நான்காவது டாபோ, ஐந்தாவது காஜா. பலர் வழியில் நாக்கோவில் தங்குகிறார்கள். அழகான ஊர்தான், ஆனால் டாபோவைவிட உயரம். பகலில் பார்த்துவிட்டுக் கீழே வந்து தூங்குங்கள். காஜாவில் மூன்று இரவுகள் வேண்டும். கீ மடம், கிப்பர், லாங்சா, ஹிக்கிம், கோமிக் எல்லாம் 4,100 முதல் 4,600 மீட்டர் வரை இருப்பவை. பகலில் ஏறி, இரவில் காஜாவுக்கே திரும்பிவிடலாம். பிறகு எட்டாவது இரவு லோசர், மறுநாள் குன்சும் தாண்டி மணாலி. மொத்தம் ஒன்பது நாள். அதற்கு மேல் இரண்டு நாள் சும்மா கையில் இருக்க வேண்டும். ஊர் திரும்பும் டிக்கெட்டை அந்த இரண்டு நாளும் கழித்தே போடுங்கள். டிக்கெட் தேதிக்காகத்தான் ஆட்கள் மாலை நான்கு மணிக்கு நாலாவில் (சாலையைக் குறுக்கே வெட்டும் பனிநீர் ஓடை) இறங்குகிறார்கள்.

எப்போது போவது? குன்சும் பெரும்பாலும் ஜூனில் திறந்து அக்டோபர் கடைசிவாக்கில் மூடுகிறது. ஸ்பிட்டி மழை மறைவுப் பகுதி என்பதால் ஜூலை, ஆகஸ்டில் போகலாம் என்பார்கள். உள்ளே மழை குறைவுதான். ஆனால் உள்ளே போகும் இரண்டு சாலைகளும் மழையில் நனைகின்றன, சரிகின்றன. நாக்கோ அருகே மல்லிங் நாலா மண்சரிவுக்குப் பேர்போன இடம். 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிப் பக்கம் பனி பெய்து இருநூறுக்கும் மேற்பட்டோர் சிக்கி, மீட்கப்பட்டார்கள். செப்டம்பரே நல்லது: நாலாக்களில் தண்ணீர் குறைந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும். இரவில் குளிர் பூஜ்யத்தைத் தொடும், அவ்வளவுதான்.

இந்தியக் குடிமக்களுக்கு எல்லையோரப் பகுதிக்குள் நுழைவதற்கான உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) தேவையில்லை. அடல் சுரங்கம் வழியாகப் போனால் ரோதாங் அனுமதியும் வேண்டாம். ஆர்சி, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் காகிதமாகவே கையில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத சோதனைச் சாவடியில் போனில் இருப்பது திறக்காது.

பெட்ரோல்

கல்பாவுக்குக் கீழே பொவாரியில் டேங்கை நிரப்பினால், அடுத்து நம்பக்கூடியது 200 கி.மீ. தள்ளிக் காஜாவில்தான். காஜாவை விட்டால் மணாலிப் பக்கம்தான். சமவெளியில் லிட்டருக்கு 30 கி.மீ. கொடுக்கும் வண்டி, முதல் இரண்டு கியரிலேயே கல்லில் ஊரும்போது 22 கொடுத்தால் பெரிது. காஜா முதல் மணாலி வரை, சந்திரதால் போய்வரும் தூரத்தையும் சேர்த்தால், 230 கி.மீ.க்குக் குறையாது: பத்தரை லிட்டர். பாதை அடைத்துத் திரும்பி வர வேண்டியிருந்தால்? அதற்குத்தான் தனியாக 5 லிட்டர். பெட்ரோலுக்கென்றே செய்த கேனில் எடுங்கள், தண்ணீர் பாட்டிலில் வேண்டாம். கேனில் பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேன் உப்பும். எஞ்சின் ஆறிய பிறகு, மூடியை மெல்லத் தளர்த்தி, காற்றை விட்டுத் திறக்க வேண்டும்.

வண்டி

4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைப் போல 57 சதவீதம்தான். எஞ்சின் பலமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டி குறைக்காது. கரும்புகை விட்டு, பிளக் கரி பிடித்து, திணறி நிற்கும். புது ஏர் ஃபில்டர் போட்டு, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியை ஒரு பள்ளம் இறக்கி வைத்தால் சமாளிக்கலாம். ஆனால் அப்படியே சமவெளிக்கு இறங்கி வேகமாக ஓட்டினால் எஞ்சின் சூடேறும். மணாலியில் மறக்காமல் பழையபடி வையுங்கள்.

டயரில் ஒரு நுட்பம் இருக்கிறது. கீழே 28 பிஎஸ்ஐ அடைத்த டயர், வெளிக்காற்று மெலிந்த குன்சுமில் அதே வெப்பநிலையில் 34 காட்டும். குளிர் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிட, 30, 31 நிற்கும். சரளையில் இது கல்லுப் போல இறுகி வழுக்கும். 22, 24க்கு இறக்குங்கள். அதற்கும் கீழே போனால் கூர்க்கல்லில் ரிம் வளையும். தார் ரோடு வந்ததும் கைப்பம்பில் ஏற்றிவிடுங்கள்.

உதிரிகளில் முக்கியமானது கிளட்ச் கேபிள். புதிய கேபிளைப் பெட்டியில் போட வேண்டாம். பழைய கேபிளின் பக்கத்திலேயே அதே வழியில் ஓட்டி, இரண்டு முனையிலும் டேப் சுற்றி, டை போட்டுக் கட்டி வையுங்கள். அறுந்தால் முனையை மாற்றி மாட்டப் பத்து நிமிஷம். மரத்துப்போன விரலை வைத்துக்கொண்டு டேங்கைக் கழற்றிக் கேபிள் ஓட்டும் வேலை மிச்சம். ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் லிவர், பிரேக் லிவர், பிளக், ஃப்யூஸ், செயின் லாக், பிரேக் பேட், ஒரு லிட்டர் ஆயில், எம்-சீல், கட்டுக்கம்பி வேண்டும். டியூப் டயர் என்றால் முன்னும் பின்னும் ஒவ்வொரு டியூப். கிளம்பும் முன் வீட்டு வாசலில் பின்சக்கரத்தை ஒருமுறை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள். முடியவில்லை என்றால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை.

நாலா தாண்டுவது

பாத்தலுக்கும் கிராம்பூவுக்கும் இடைப்பட்ட 50 கி.மீ.யில் பனி உருகி ஓடும் தண்ணீர் சாலையைக் குறுக்கே வெட்டிப் போகும். அதுதான் நாலா. வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். காலையில் கணுக்கால் அளவு இருந்தது, மதியத்துக்கு மேல் முழங்காலுக்கு வரும். லோசரில் ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்துமணிக்குள் பெரியவற்றைத் தாண்டிவிடலாம்.

கரையில் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். எதிரே வரும் வண்டியின் சக்கரம் எங்கே முங்குகிறது என்று பாருங்கள். தண்ணீர் சலசலத்து வெள்ளையாக உடையும் இடத்தில் ஆழம் குறைவு, கல் உண்டு. அமைதியாக வழுக்கிப் போகும் இடம்தான் ஆழம். முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர், ஃபுட்ரெஸ்டில் லேசாக எழுந்து நின்று, கண் அக்கரையில். கிளட்ச் பிடிக்கக் கூடாது. நடுவில் எஞ்சின் அணைந்தால் செல்ஃப் அடிக்காதீர்கள்: சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளையும். நியூட்ரலில் தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே மாட்டிக் கிளப்ப வேண்டும். தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் தனியாக இறங்கவே வேண்டாம். ஒரு லாரியோ ஜீப்போ வரும்வரை காத்திருங்கள், வராவிட்டால் திரும்பிவிடுங்கள்.

உடம்பு

தலைவலியோடு வாந்தி உணர்வோ அசதியோ சேர்ந்தால் அது உயர நோய்தான். அன்று ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும். உயர நோய் வராமல் தடுக்கும் மாத்திரையான அசெட்டசோலமைடு 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுப்பது வழக்கம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம், டாக்டரைக் கேட்டே எடுங்கள். இந்த மாத்திரையால் விரல் நுனி குறுகுறுக்கும். குளிர் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது.

கூட ஆள் இருந்தால் நீங்கள் உளறுவதை அவர் கவனிப்பார். தனியாக இருக்கும்போது தினமும் காலையில் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடந்து பாருங்கள். தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, வண்டிச் சாவியைத் தொடக் கூடாது. தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடம் சொல்லி, ஜீப்பில் காஜா அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வழி நெடுக சிக்னல் அறுந்து அறுந்துதான் வரும். பி.எஸ்.என்.எல். சிம் ஒன்று கூடவே இருக்கட்டும். வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். ஒவ்வொரு இரவும் வீட்டில் ஒருவருக்கு ஒரே ஒரு செய்தி: இன்று எங்கே, நாளை எந்த வழியாக எங்கே. 36 மணி நேரம் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவரிடம் முன்பே எழுதிக் கொடுங்கள்: கடைசியாகத் தங்கிய விடுதி, அடுத்துத் தங்க வேண்டிய விடுதி, காஜா காவல் நிலையம். அதே தாளின் நகல், உங்கள் ரத்த வகையோடு, ஜாக்கெட்டின் இடது மார்புப் பையில் இருக்கட்டும்.