கரிக்கோல் உருவப்படத்தை ரசிப்பது எப்படி? ஜெரோனிமோவின் முகத்திலிருந்து தொடங்கலாம்

கரிக்கோல் ஓவியம் பார்த்துப் பழக ஜெரோனிமோவின் முகம் நல்ல தொடக்கம். அமெரிக்கப் படையோடும் மெக்சிகோ படையோடும் போரிட்ட சிரிகாவா அப்பாச்சி என்ற அமெரிக்கப் பழங்குடியின் போர்த்தலைவர் இவர். 1905இல் எட்வர்ட் கர்ட்டிஸ் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து இன்றும் பலர் இவரைக் கரியில் வரைகிறார்கள். அப்படி ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1. சற்றுத் தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இருட்டும் வெளிச்சமும் மட்டும்தான் மிஞ்சும். அப்போதும் முகம் முகமாகத் தெரிந்தால் அடித்தளம் சரி.

படி 2. மிக அடர்ந்த கறுப்பு எங்கே இருக்கிறது? வில்லோ மரக் குச்சியைச் சுட்டுச் செய்த கரி மென்மையான சாம்பல் நிறம் தரும், துடைத்தால் போய்விடும். கரித்தூளைப் பசை சேர்த்து இறுக்கிய குச்சி ஆழ்ந்த கறுப்பு தரும், எளிதில் அழியாது. அதனால் அந்தக் கறுப்பு விழுந்த இடமெல்லாம் ஓவியர் துணிந்து முடிவெடுத்த இடம்.

படி 3. இனி சுருக்கங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். புகைப்படம் எடுத்தபோது அவருக்கு ஏறத்தாழ 75 வயது. ஒவ்வொரு சுருக்கத்தையும் கோடாக இழுத்தால் முகம் வெடித்த ஏரி மண் போல ஆகிவிடும். கை தேர்ந்தவர்கள் கோடு போடுவதில்லை, நிழல் போடுகிறார்கள். மடிப்பின் ஒரு ஓரம் கூர்மையாக நிற்கும், மறு ஓரம் கன்னத்தில் கரைந்துபோகும். அப்புறம் கன்ன எலும்பின் மேல் உள்ள ஒளியைப் பாருங்கள். பெரும்பாலும் அது வெள்ளைச் சாயம் அல்ல. பிசையும் ரப்பரால் கரியை ஒற்றியெடுத்து, அடியிலிருக்கும் காகிதத்தை வெளியே கொண்டுவந்திருப்பார்கள்.

படி 4. தலையைப் பாருங்கள். பெரிய கழுகிறகுக் கிரீடம் இருந்தால் சந்தேகப்படுங்கள். அது லகோட்டா போன்ற வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளின் அடையாளம். அப்பாச்சி ஆண்கள் பெரும்பாலும் தலையில் துணிதான் கட்டினார்கள். எவ்வளவு திறமையாக வரைந்திருந்தாலும் கிரீடம் சூட்டிய ஜெரோனிமோவை என்னால் ஏற்க முடிவதில்லை.

படி 5. இப்போது வரலாற்றோடு சேர்த்துப் பாருங்கள். 1886இல் சரணடைந்தவர், 1909இல் ஒக்லஹோமாவின் சில் கோட்டையில் இறக்கும்வரை போர்க்கைதி. 1905 மார்ச்சில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பதவியேற்பு ஊர்வலத்தில் அவரைக் குதிரைமேல் வரவைத்தார்கள். சொந்த மண்ணான அரிசோனாவுக்குத் திரும்ப அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. பல ஓவியர்கள் புருவத்தைக் கறுப்பாக்கி அவரிடம் வெறும் கோபத்தைக் கூட்டிவிடுகிறார்கள். கர்ட்டிஸின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து, கண்ணையும் உதட்டையும் மட்டும் ஒப்பிடுங்கள். கரி எங்கே கூடியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.