வாவியின் நேரத்துக்கு வாருங்கள்: மட்டக்களப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பைச் சுற்றிக் காட்டும் வேலையில் அண்மைக் காலமாகப் பல இளைஞர்கள் இறங்கியிருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் வரைபடம் இருக்கிறது, வாடகைக்கு வேன் கிடைக்கிறது, ஆர்வத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் இந்தத் தொழிலில் முன்னர் இறங்கிய எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். அவர்களை நம்பி வருகின்ற குடும்பங்கள் பாதி ஊரைப் பார்க்காமலே திரும்பிப் போவதைக் கண்டபின்னர்தான் இதை எழுத வேண்டியதாயிற்று. தண்ணீர்ப் போத்தல், தொப்பி, நுளம்பு மருந்து என்று எல்லோருக்கும் தெரிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நகரத்தை மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒதுக்குவது

பாசிக்குடாவில் சில இரவுகள், அறுகம்பையில் சில இரவுகள், இடையில் மட்டக்களப்பில் ஒரு மதியச் சாப்பாடு. பெரும்பாலான பயணத் திட்டங்கள் இப்படித்தான் வரையப்படுகின்றன. வேன் நண்பகலில் வந்து நிற்கும். கோட்டை வாசலில் படம் எடுப்பார்கள். மூன்று மணிக்கெல்லாம் கல்முனை வீதியில் போய்க்கொண்டிருப்பார்கள். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது அந்த நேரத்தில் உள்ளூர்க்காரர்களே வெளியில் தலை காட்டுவதில்லை. அப்படி வந்து போனவர்கள், சூடான ஊர், பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்வதில் வியப்பில்லை.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோரமாகவே ஓடுகின்ற இந்த வாவிதான் ஊரின் நேரத்தை நிர்ணயிக்கிறது. காலை எட்டு மணிக்கு முன்னரும் மாலை நாலரைக்குப் பின்னரும்தான் கரையில் நடமாட்டம் இருக்கும். ஆகவே இங்கே குறைந்தது இரண்டு இரவுகள் தங்குங்கள். பழைய நகரமான புளியந்தீவு உண்மையிலேயே ஒரு தீவு; பாலங்களே அதைக் கரைகளோடு இணைக்கின்றன. அதை வேனில் சுற்றுவது வீண். காந்தி பூங்காவிலிருந்து வாவியோரமாக நடக்கத் தொடங்கினால், 1814 இல் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்து இறங்கிய இடமென்று நினைவுகூரப்படும் மட்டக்களப்பு வாசல், அதே ஆண்டில் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, பழைய தேவாலயங்கள், கோட்டை மதில் ஆகிய எல்லாவற்றையும் வெயில் ஏறுவதற்கு முன்னரே ஆறுதலாகப் பார்த்துவிடலாம்.

கோட்டையைத் தரையிலிருந்து மட்டும் பார்ப்பது

ஒல்லாந்தர் கோட்டை என்ற பெயர் நிலைத்துவிட்டதால், அதை முதலில் 1628 இல் கட்டியவர்கள் போர்த்துக்கேயர் என்பதைப் பல வழிகாட்டிகள் சொல்வதேயில்லை. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து 1638 இல் ஒல்லாந்தர் இதைக் கைப்பற்றினார்கள். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் பறித்த முதல் கோட்டை இதுதான். நீண்ட காலம் கச்சேரி என்ற மாவட்டச் செயலகம் இதற்குள்ளேயே இயங்கியதால், உள்ளே நிற்பவர்களுக்குக் கோட்டையைவிட அலுவலகக் கட்டடங்களே கண்ணில் படும். ஒரு தோணியில் ஏறி வாவிப் பக்கமிருந்து பாருங்கள். தண்ணீரை ஒட்டி எழும் மதிலைக் காணும்போதுதான், இந்த இடத்தை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்பது விளங்கும்.

மீன் பாட்டுக் கேட்க எஞ்சின் படகில் போவது

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இந்தப் பிழையைத்தான். இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

மட்டக்களப்பை 'மீன் பாடும் தேன்நாடு' என்றே தமிழர் எல்லோரும் அறிவார்கள். வருகிறவர்கள் முதலில் விசாரிப்பதும் அந்தப் பாட்டைத்தான். அதைக் கேட்கவைப்பதாகச் சொல்லி, மாலை ஐந்து மணிக்கு எஞ்சின் பூட்டிய படகொன்றில் அவர்களை ஏற்றிக் கல்லடிப் பாலத்தின் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, "இன்றைக்கு மீன் பாடவில்லை" என்று இறக்கிவிடும் வழக்கம் பரவி வருகிறது. படகுக் காசு போவது இதில் சிறிய இழப்பு. அந்தப் பௌர்ணமி இரவு போய்விடுகிறது. அதைவிட மோசமாக, ஊரின் பெயரோடு சேர்ந்த ஒன்று வெறும் கட்டுக்கதை என்ற எண்ணம் அவர்களோடு ஊர் ஊராகப் போகிறது.

ஆரையம்பதியில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே வெளிநாட்டுக்குப் போய்விட்ட ஒரு பெண்மணி, ஒரு வைகாசிப் பௌர்ணமியன்று தன் பிள்ளைகளை இதற்காகவே கூட்டி வந்திருந்தார். தாய்வழிப் பாட்டனார் தோணியில் அழைத்துப் போய்க் காட்டியதைப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்காகச் சொல்லி வளர்த்தவர் அவர். யாரோ ஒரு புதிய வழிகாட்டி அவர்களை வெளிச்சம் இருக்கும்போதே எஞ்சின் படகில் ஏற்றி, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டும் போட்டு, அரை மணித்தியாலத்தில் கரைசேர்த்துவிட்டார். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் விடுதியில் என்னைக் கண்ட அந்த அம்மா, "ஐயா, அப்பப்பா, அம்மப்பா எல்லாரும் எங்களுக்குச் சொன்னது வெறும் கதைதானோ?" என்று கேட்டார். பத்து மணிக்குப் பிறகு போய்ப் பார்ப்போம் என்று சொன்னேன்; விடியற்காலையில் ரயில் ஏற வேண்டியிருந்ததால் பிள்ளைகள் ஏற்கெனவே படுத்துவிட்டார்கள். அன்றிரவு வானத்தில் முகிலே இருக்கவில்லை, காற்றும் ஓய்ந்திருந்தது.

இந்த ஒலி கதையாயிருந்தால் நான் இவ்வளவு வருந்தமாட்டேன். 1848 இல் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இரவில் படகில் போய் இதைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தால் எழும் மெல்லிய அதிர்வைப் போன்றது என்றும், ஒரே நீண்ட தொனியாக இல்லாமல் தனித்தனியான பல சிற்றொலிகளாகக் கேட்டது என்றும், படகின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி மிகவும் கூடியது என்றும் அவர் குறித்திருக்கிறார். அவரிடம் அன்றைய மீனவர்கள் காட்டியது மீனையல்ல, ஓடுள்ள நத்தை வகையான ஊரியை. இதை எழுப்புவது மீனா, ஊரியா, வேறேதும் உயிரா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பழந்தமிழரின் யாழை ஆராய்ந்த விபுலானந்த அடிகள், நிலவொளியில் நீரரமகளிர் இந்த வாவியில் பாடுவதாகக் கவிதையே இயற்றியிருக்கிறார். காரைதீவில் 1892 இல் பிறந்த அடிகளின் சமாதி கல்லடியில்தான் இருக்கிறது. பாலத்துக்குப் போகிறவர்கள் மாலையில் அங்கே சென்று வணங்கிவிட்டுப் போகலாம்.

அப்படியானால் எப்படிப் போக வேண்டும்? சித்திரையிலிருந்து புரட்டாதிவரை உள்ள காலமே ஏற்றது. மழைக்காலத்தில் வெள்ளநீர் வாவியில் இறங்கிய பின்னர் முயற்சிப்பதில் பயனில்லை. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் எதையும் தெரிந்தெடுக்கலாம். போயா தினத்தன்றே போக வேண்டுமென்று அடம்பிடிக்கத் தேவையில்லை. முதல் நாளோ மறுநாளோ போனால் விடுதியில் அறையும் இலகுவாகக் கிடைக்கும். புதிய கல்லடிப் பாலம் 2013 இல் திறக்கப்பட்ட பின்னர் அதில் வாகனப் போக்குவரத்து இரவிலும் இருக்கிறது. ஆகவே வீதி அடங்கியபின், சீமாட்டி மனிங்கின் பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, துடுப்பு வலிக்கின்ற மரத் தோணியில் போக வேண்டும். காற்று இருந்தால் நல்ல தோணிக்காரர் புறப்படவே மாட்டார். "காத்து விழட்டும் தம்பி, மறுகா போவம்" என்று கரையில் உட்காரவைப்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள். நேரம் போகிறதென்று அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

இடத்துக்கு வந்ததும் தோணி தன்பாட்டில் நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கி, மேல் நுனியின் ஈரத்தைத் துடைத்து, காதின் முன்பக்க எலும்போடு அதை அழுத்திப் பிடியுங்கள். மற்றக் காதை உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். முதலில் பலகையில் தண்ணீர் அடிக்கும் சத்தம்தான் கேட்கும். பிறகு உங்கள் மூச்சு கேட்கும். இவை இரண்டும் பழகிப்போகச் சில நிமிடங்கள் எடுக்கும். அவற்றுக்கும் அடியில், விட்டுவிட்டு வருகின்ற மெல்லிய தொனிகளும், இடையிடையே கனத்த தொனியொன்றும் உண்டு. கேட்டவுடன் அருகிலிருப்பவரை அழைக்கத் தோன்றும். அழைத்தால் தோணி அசையும். எல்லோரும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சில இரவுகளில் எல்லாம் பொருந்தியிருந்தும் ஒன்றும் கேட்காமற் போகலாம். அதை வருகிறவர்களிடம் கரையிலேயே சொல்லிவிடுவது வழிகாட்டியின் கடமை. உயிர்காப்பு அங்கி இல்லாத தோணியில் எவரையும் ஏற்றாதீர்கள்.

இன்னொன்றையும் இளைஞர்கள் மனத்தில் வைக்க வேண்டும். இரவில் வாவி வெறுமையாக இருப்பதில்லை. வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் மீனவர்கள் அங்கே இருப்பார்கள். எஞ்சினின் விசிறியில் சிக்கி ஒரு வலை கிழிந்தால், அந்தக் குடும்பத்துக்குப் பல நாள் உழைப்பு இல்லாமற் போகும். சுற்றுலாவால் ஊருக்கு வருமானம் வருகிறது என்று பேசுகிற நாம், வாவியை நம்பியே வாழ்கின்றவரின் வலையைக் கிழித்துவிட்டுப் போவதை எப்படி நியாயப்படுத்துவது?

வாவியில் இறங்கிக் குளிப்பது

முதலை இருக்கிறது. இறங்காதீர்கள்.

கல்லடிக் கடலைப் பாசிக்குடாவென்று நினைப்பது

பாசிக்குடா ஆழங்குறைந்த விரிகுடா. கல்லடி திறந்த கடல். கல்லடியில் அலையும் அடியிழுப்பும் வலியவை. அங்கே மாலையில் நடக்கலாம், உட்கார்ந்திருக்கலாம்; பிள்ளைகளை நீந்தவிடக் கூடாது. 2004 மார்கழி 26 அன்று சுனாமி தாக்கியது இந்தக் கரையைத்தான். கல்லடி திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரம் அன்று சாய்ந்தது. நாவலடியிலும் டச்பாரிலும் உறவுகளை இழக்காத வீடுகளைக் காண்பது அரிது. வழியில் காண்பவரிடம் அந்த நாளைப் பற்றித் துருவிக் கேட்பதையும், ஒளிப்பதிவு செய்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள்.

பாலமீன்மடுவுக்கு உச்சி வெயிலில் போவது

1913 இல் கட்டப்பட்ட வெளிச்சவீடும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரமும் மாலைக்குரிய இடங்கள்.

படுவான்கரையை விட்டுவிடுவது

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் கரையும் படும் கரையும் சேர்ந்ததுதான் மட்டக்களப்பு. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும்வரை பாதை என்று சொல்லப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. இப்போது ஓட்டோவிலேயே போய்வரலாம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தைக் காலைப் பூசைக்குப் போய்க் கண்டு, வயல்வெளி வழியாகத் திரும்புங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றி உள்ளே போக வேண்டியிருக்கும். வேட்டியோ சாரமோ கொண்டுபோவது நல்லது. உள்ளே தள்ளியுள்ள ஊர்களுக்குப் போகிறவர்கள் பொழுதுபடுமுன் வந்துவிட வேண்டும். இருட்டினால் யானை வரும்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் காத்தான்குடிக்குப் போவது

ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். வேறொரு மாலையில் போனால், பிரதான வீதியின் நடுவே நிற்கும் பேரீச்சை மரங்களையும், பூர்வீக நூதனசாலையையும், கடைத்தெருவையும் ஆறுதலாகப் பார்க்கலாம். இந்தக் கரையில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் பிட்டும் தேங்காய்ப்பூவும்போல மாறிமாறி வருகின்றன. இரண்டிலும் இறங்கிச் சாப்பிடாதவர் ஊரின் பாதிச் சமையலைத் தவறவிடுகிறார்.

ஆடி அமாவாசைக்கு அறை பதியாமல் வருவது

மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு ஊரே அமிர்தகழியில் நிற்கும். அறை கிடைக்காது.

தயிரை வந்த அன்றே வாங்குவது

மட்டக்களப்புத் தயிரை மண் முட்டியில் வாங்கி, விடுதி அறையில் நாட்கணக்காக வைத்திருந்து, புளித்த பிறகு குறை சொல்கிறார்கள். புறப்படும் நாளில் வாங்குங்கள். பகல் ரயிலென்றால் காலையில், இரவு ரயிலென்றால் மாலையில். முட்டியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, பையின் அடியில் தள்ளாமல், மடியிலோ காலடியிலோ நிமிர்த்தி வையுங்கள். கஜுவை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.