பின்பால்: இரண்டு பட்டனையும் சேர்த்துத் தட்டும் குழந்தைக்கு

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினி வைத்திருந்தவர்களில் அதோடு வந்த ஸ்பேஸ் கேடட் பின்பால் ஆடாதவர்கள் குறைவு. சாய்ந்த மேசையில் உருண்டு இறங்கும் பந்தை, பட்டனைத் தட்டினால் எழும்பும் ஃபிளிப்பர் என்ற இரண்டு கட்டைகளால் அடித்து, கீழே போகவிடாமல் புள்ளி சேர்ப்பதுதான் பின்பால். இசட் விசை இடது ஃபிளிப்பர், சாய்கோட்டு விசை வலது ஃபிளிப்பர், நெட் வராத மத்தியானம் முழுக்க அதில்தான் போகும். அந்த அனுபவத்தை நம்பித்தான் போன வருடம் மகனையும் (8 வயது) மகளையும் (5 வயது) கூட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவில் அலமீடாவில் இருக்கும் பசிபிக் பின்பால் மியூசியத்துக்குப் போனேன். வாசலில் ஒருமுறை பணம் கட்டிவிட்டால் உள்ளே மெஷின்களுக்குக் காசு போட வேண்டாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடலாம் என்று கேள்விப்பட்டதும் பாதி நாளை அங்கேயே கழிக்கத் திட்டம்.

நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். மகள் இரண்டு பட்டனையும் தவில் வாசிப்பது மாதிரி விடாமல் தட்டினாள், பந்து நடுவில் நேராக இறங்கிப் போனது, மூன்று பந்தும் ஒரு நிமிடத்தில் காலி. "இது போர் அப்பா" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். நானோ அதுவரை பக்கத்தில் நின்று, இந்த வழியாகப் போனால் இவ்வளவு புள்ளி, அந்த விளக்கு எரிந்தால் மல்டிபால் (ஒரே நேரத்தில் பல பந்து) என்று உபன்யாசம் செய்துகொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் ஏழெட்டு முறை போயாயிற்று. இப்போது அவளே எப்போது போகலாம் என்று கேட்கிறாள். இடையில் என்ன மாற்றினேன் என்பதுதான் இந்தப் பதிவு.

1. வீட்டில் ஒரு சாய்ந்த பலகை

போனில் இருக்கும் பின்பால் விளையாட்டுகளை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடித் திரையைத் தட்டும் குழந்தைக்குப் பந்தின் எடை தெரிவதில்லை. நிஜப் பந்து 27 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகு உருண்டை, ஏறத்தாழ 80 கிராம், அது உருண்டு வரும் வேகத்தைக் கண் பழக வேண்டும்.

ஒரு பெரிய அட்டைப் பெட்டியின் மூடியை எடுத்து, ஒரு பக்கத்துக்கு அடியில் இரண்டு புத்தகம் வைத்துச் சாய்த்துவிடுங்கள். மேலிருந்து நீங்கள் கோலிக்குண்டை உருட்டிவிட வேண்டும், கீழே குழந்தை ஸ்கேலை வைத்து அடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஸ்கேலைத் தேடும் பொறுமை இல்லாமல் தோசைத்திருப்பியில் நடந்தது, அதுவே பிடிக்கவும் வசதி. சும்மா வீசிக்கொண்டே இருந்தால் குண்டு படாது, வரும்வரை காத்திருந்து ஒரே அடி. இது புரிய இரண்டு சாயங்காலம் போதும்.

2. எங்கே, எப்போது

பின்பால் மேப் என்று ஒரு செயலி இருக்கிறது, உங்கள் ஊரில் எந்தக் கடையில் எந்த மெஷின் இருக்கிறது என்று காட்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் காசு போடும் இடமாக இருந்தால் முதல் நாள் வேண்டாம். பந்து போகும் ஒவ்வொரு தடவையும் நம் முகத்தில் ஒரு டாலர் போனது தெரியும், குழந்தை அதைப் படித்துவிடும். நுழைவுக்கட்டணம் மட்டும் வாங்கும் இடமே நல்லது. திறந்த உடனே போய்விடுங்கள், கூட்டமும் இரைச்சலும் கம்மி.

3. ஸ்டூல்

கண்ணாடியின் முன் விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 3 அடி உயரத்தில் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது மோவாய்க்குக் கொஞ்சம் கீழே. அதனால் ஸ்டூல் கட்டாயம். உயரமாக இருந்தால் நன்றாகத் தெரியுமே என்று நான் வாங்கிப் போனது ரொம்ப உயரமாகிவிட்டது, மகள் கண்ணாடிமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு ஆடினாள், கை இரண்டும் கீழே தொங்கியது, பட்டன் எங்கே என்று தடவ வேண்டியிருந்தது. சரியான உயரம் எது என்றால், பக்கவாட்டுப் பட்டனில் கை வைக்கும்போது முழங்கை பட்டனைவிடச் சற்றே மேலே இருக்க வேண்டும், வயிறு மெஷினைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். மடக்கி வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலில் குட்டையானது, அடியில் ரப்பர் உள்ளது, அதை வாங்குங்கள். மெஷினின் முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே அது நுழைகிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் குழந்தை எட்டி எட்டித்தான் ஆட வேண்டும்.

4. ஆளுக்கு ஒரு பட்டன்

எனக்கு இதுதான் திருப்பம். மூன்றாவது தடவை போனபோது அண்ணனும் தங்கையும் ஒரே மெஷினுக்குச் சண்டை போட்டார்கள். சண்டையை நிறுத்த, வலது பட்டன் உனக்கு, இடது அவளுக்கு என்று பிரித்துவிட்டேன். சும்மா சமாளிப்புதான். ஆனால் இரண்டு மூன்று ஆட்டத்திலேயே மகள் தவில் வாசிப்பதை விட்டுவிட்டாள்! அவள் பொறுப்பு ஒரே ஒரு ஃபிளிப்பர், பந்து தன் பக்கம் வந்தால்தான் வேலை, அண்ணன் பக்கம் போனால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் என்ன கெடுதல் என்று நான் வாயால் சொல்லிப் புரியாதது இப்படிப் புரிந்தது. இரண்டு ஃபிளிப்பரும் ஒன்றாக மேலே போகும்போது நடுவில் இடைவெளி பெரிதாகிறது, பந்து போவது அந்த வழியாகத்தான்.

ஒரே குழந்தை என்றால் நீங்கள் ஒரு பக்கம் நில்லுங்கள். பந்து போனதும் "நீதான் விட்டாய்", "இல்ல, அண்ணாதான்" என்ற வழக்கு தவறாமல் வரும். நடுவில் போன பந்துக்கு யாரும் பொறுப்பில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம், ஓரளவு அமைதி. ஐந்து ஆட்டத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிடுங்கள்.

5. அழுத்தியே வைத்திருக்கலாம்

நான் சொல்லாமல் விட்டது இதைத்தான். நமக்குத் தெரிந்ததாலேயே சொல்லத் தோன்றாது. பட்டன் என்றால் தட்டுவதற்கு என்றுதான் குழந்தை நினைக்கிறது, அதை அழுத்தியபடியே வைத்தால் ஃபிளிப்பர் மேலேயே நிற்கும் என்பது அதற்குத் தெரியாது. மகளுக்கு நாலாவது தடவை வரைக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது, அவள் ஒருநாள் தற்செயலாக அழுத்திப் பிடித்து, பந்து ஃபிளிப்பருக்கும் பக்கத்துக் கம்பிக்கும் நடுவே உள்ள மூலையில் உருண்டு வந்து நின்றதும், "அப்பா, பந்து தூங்குது!" என்று கத்தினாள்.

அன்று முதல் வீட்டில் இதற்குப் பெயர் தொட்டில். (ஆங்கிலத்திலும் இதைத் தொட்டில் என்றேதான் சொல்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.) பயிற்சி இப்படி: பக்கத்து ஓடை வழியாகப் பந்து மெதுவாக ஃபிளிப்பரை நோக்கி வரும்போது, அது வந்து சேர்வதற்கு முன்பே பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். பந்து ஏறி இறங்கி, ஆடி அடங்கும். மூச்சு விடலாம், எதை அடிக்கப் போகிறாய் என்று கேட்கலாம், அவள் விரலால் காட்டலாம். பிறகு பட்டனை விட்டால் பந்து நுனியை நோக்கி உருளும், அப்போது தட்ட வேண்டும். நுனிக்குப் போனபின் தட்டினால் பந்து எதிர்ப்பக்கம் பாயும், சீக்கிரமே தட்டினால் நேராகவோ தன் பக்கமாகவோ போகும். வலமும் இடமும் குழந்தைக்குக் குழப்பம், அதனால் "சீக்கிரம்", "லேட்டு" என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். பத்து தொட்டிலுக்கு மூன்று வந்தால் அன்றைக்கு அமோகம்.

6. எந்த மெஷின்

என் கட்சி பழைய மெஷின். எழுபதுகளில் வந்த, புள்ளிகள் உருளையில் சுற்றும், மணி அடிக்கும் வகை. அவற்றுக்குச் சாய்வு குறைவு, பந்து நிதானமாக வரும், நிறைய மெஷின்களில் மூன்றுக்குப் பதில் ஐந்து பந்து. பாலி கம்பெனியின் 1972 ஃபயர்பால் கண்ணில் பட்டால் விடாதீர்கள். நடுவில் சுழலும் தட்டு பந்தை எங்கெங்கோ வீசும், அதைவிட முக்கியம், ஒரு குறிப்பிட்ட இடத்தில் பந்து பட்டால் ஃபிளிப்பர்கள் இரண்டும் நெருங்கி வந்து நடு இடைவெளியையே அடைத்துக்கொள்ளும். குழந்தைக்கு அது வரம்.

புது வகையில் நடுவில் ஒரு பெரிய பொம்மை உள்ளதாகப் பாருங்கள். 1997 மெடீவல் மேட்னஸில் கோட்டை, 1995 அட்டாக் ஃப்ரம் மார்ஸில் பறக்கும் தட்டு. "கோட்டையை இடி" என்று சொன்னால் போதும், விதி எதுவும் வேண்டாம். புதிய மெஷின்களில் ஆரம்பத்தில் சில நொடிக்குள் பந்து போய்விட்டால் அதுவே திருப்பிக் கொடுத்துவிடும், அதையும் சொல்லிவையுங்கள், அழுகை மிச்சம். 1990 ஃபன்ஹவுஸில் பேசும் தலை ஒன்று இருக்கிறது, அதன் கண் பந்தின் பின்னாலேயே போகும். சில குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும், சில அப்பாவின் காலுக்குப் பின்னால் போய்விடும். முன்பக்க ஓவியங்களையும் ஒருதரம் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது, எல்லாமே குழந்தைகளுக்காக வரைந்தவை அல்ல.

7. ஆட்டுவது

மெஷினை லேசாகத் தட்டி அசைக்கலாம், தப்பில்லை, அதுவும் ஆட்டத்தில் சேர்ந்ததே. ரொம்ப ஆட்டினால் டில்ட், ஃபிளிப்பர் செத்துவிடும், அந்தப் பந்து போச்சு. மகன் முதல் டில்ட்டில் மெஷின் கெட்டுவிட்டது என்று பயந்தே போனான். உள்ளே கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு மாதிரி ஒன்று வளையத்துக்கு நடுவில் தொங்குகிறது, வளையத்தைத் தொட்டால் மின்சுற்று மூடிக்கொள்ளும் என்று சொன்னதும், "அப்போ குண்டு தொடாமல் எவ்வளவு ஆட்டலாம்?" என்று அதையே ஒரு தனி விளையாட்டாக்கிவிட்டான்.

ஃபிளிப்பரே இல்லாத பழங்கால மெஷினைக் காட்டினால் இது இன்னும் நன்றாக விளங்கும். 1947இல் காட்லீப் கம்பெனியின் ஹம்ப்டி டம்ப்டியில்தான் முதன்முதலாக ஃபிளிப்பர் வந்தது, அதற்கு முன் பந்தை விட்டபின் ஆட்டுவதும் வேண்டிக்கொள்வதும்தான். அதிர்ஷ்ட விளையாட்டு, சூதாட்டம் என்று நியூயார்க்கில் 1942 முதல் 1976 வரை தடையே இருந்தது. ஆணி அடித்த பலகையில் குண்டு விடும் பேகடெல்லை ஊரில் ஆடியவர்களுக்கு அந்தப் பழைய மெஷின் உடனே பிடிபடும், அதன் வாரிசுதான் இது.

பின்சேர்க்கை 1: சத்தம் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆமாம், மறந்துவிட்டேன். மகளுக்கு இப்போது காதை மூடும் ஹெட்ஃபோன் வகைக் காப்பு எடுத்துப் போகிறோம். பஞ்சு வேண்டாம், பாதி ஆட்டத்தில் விழுந்துவிடுகிறது.

பின்சேர்க்கை 2: மூன்று வயதுக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். ஃபிளிப்பரை விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் கம்பியை இழுத்து விடும் வேலையை மட்டும் கொடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிப் போனோம், ஒன்றரை மணி நேரம் அதையே செய்தான். பந்து மேலே போய் மணி அடித்தால் போதும், கீழே என்ன ஆகிறது என்று அவன் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.