ஜெர்மானியச் சொற்களின் மெய்யொலிகளைப் பின்னோக்கித் தேடும் முறை

ஆங்கிலம், ஜெர்மன், காத்திக் ஆகியவற்றின் மூதாதையான தொல்ஜெர்மானிய மொழியில் எழுதிய நூல் எதுவும் கிடைக்கவில்லை. எனவே 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா பைபிளை மொழிபெயர்த்த காத்திக் மொழியை, அதற்கு உறவான லத்தீனோடும் சமஸ்கிருதத்தோடும் ஒப்பிட்டே அதன் மெய்யொலிகளை மீட்க வேண்டியிருக்கிறது.

எண், உறவு, உடலுறுப்புப் பெயர்களை முதலில் திரட்டுங்கள். 'பவுண்டு' போன்ற சொற்களை ஒதுக்கிவிடுங்கள். அதன் லத்தீன் மூலத்திலுள்ள ப் ஆங்கிலத்திலும் ப் ஆகவே நிற்பதால், அது கீழே சொல்லப்படும் ஒலிமாற்றத்துக்குப் பின் வந்த கடன்சொல் என்று தெரிகிறது. தமிழில் ஒலிப்புள்ள (குரல்நாண் அதிரும்) மெய்க்கும் ஒலிப்பில்லாத மெய்க்கும் ஒரே எழுத்து என்பதால், தொண்டையில் விரல் வைத்து அதிர்வை உணர்ந்து, அதிர்பவற்றின் கீழ்க் கோடிடுவது நல்லது.

பிறகு, டென்மார்க் மொழியியலாளர் ராஸ்க் 1818இல் கவனித்து, ஜெர்மனியின் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822இல் ஒழுங்குபடுத்திய விதியைப் பொருத்துங்கள். ஒலிப்பிலா ப், த், க் ஆகியவை ஃப், பல்லிடை உரசொலி (ஆங்கில 'think' சொல்லின் முதலொலி), ஹ் ஆயின. ஒலிப்புடையவை அதிர்வை இழந்தன. மூச்சுடன் கூடிய ஒலிப்புடையவை மூச்சை இழந்தன. லத்தீனில் பத்தைக் குறிக்கும் 'தெக்கெம்' காத்திக்கில் 'தெஹுன்'. முதல் தகரம் அதிர்வை விட, நடுவிலிருந்த ககரம் ஹகரமானது. ஒரே சொல்லில் இரண்டு மாற்றங்களைக் காணலாம் என்பதால் தொடங்குவதற்கு இதைவிடத் தோதான சொல் இல்லை.

பொருந்தாவிட்டால் உடனே விதியைக் குறைகூற வேண்டாம், பக்கத்து ஒலியைப் பாருங்கள். ஸகரத்தை அடுத்த தகரம் மாறாது: லத்தீன் 'எஸ்த்', காத்திக் 'இஸ்த்'.

அதுவும் உதவாவிட்டால் பழைய அழுத்தத்தை, அதாவது சொல்லில் எந்த அசை ஓங்கி ஒலித்தது என்பதைத் தேடுங்கள்; டென்மார்க்கின் கார்ல் வெர்னர் 1877இல் வெளியிட்ட விளக்கம் இதுவே. சமஸ்கிருதத்தில் 'சகோதரன்' என்னும் பொருளுடைய 'ப்ராதர்' முதலசையில் அழுத்தம் பெறுவதால் காத்திக்கில் அதிர்வற்ற உரசொலி நிற்கிறது. 'தந்தை' என்னும் பொருளுடைய 'பிதர்' இரண்டாமசையில் அழுத்தம் பெறுவதால் அங்கே அதிர்வுள்ள ஒலி வருகிறது. நம் 'அது' என்னும் சொல்லின் நடுவில் வரும் ஒலிக்கு அது மிக நெருக்கமானது.

இதே காரணத்தால் ஸகரம் முதலில் அதிர்வு பெற்று, பின்னர் ஆங்கிலம் போன்ற மொழிகளில் ரகரமானது. பழைய ஆங்கிலத்தில் 'இருந்தான்' என்பதற்கு ஸகரத்தில் முடியும் 'வேஸ்', 'இருந்தார்கள்' என்பதற்கு ரகரமுள்ள 'வேரோன்' என்று ஒரே வினை இரண்டு முகம் காட்டுவதும் இதனால்தான்.