தோண்டாமலே பதுங்குகுழியைக் கண்டுபிடிப்பது

மண்வெட்டியை ஓரமாக வையுங்கள். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரப் பக்கம் முதல் உலகப் போரில், 1914 முதல் 1918 வரை, வெட்டிய பதுங்குகுழிகள் இன்று விளைநிலத்துக்கு அடியில் கிடக்கின்றன, கூடவே வெடிக்காத குண்டுகளும்.

முதலில் போர்க்கால வான்படங்களை எடுத்து, இடம் மாறாத சாலைச் சந்திப்புகளை வைத்து இன்றைய வரைபடத்தோடு பொருத்துங்கள். ஒரே படம் போதாது, பல தேதிகளில் எடுத்தவை வேண்டும், ஏனென்றால் ஒரு தாக்குதலுக்கு முன்பு இருந்த குழி அடுத்த மாதம் மூடப்பட்டிருக்கலாம். காடு என்றால் லிடார் (வானிலிருந்து லேசர் ஒளியால் தரையை அளக்கும் முறை) பாருங்கள், மரங்களைக் கழித்துவிட்டுத் தரையின் மேடுபள்ளத்தைக் காட்டும். உழுத வயலில் பெரிதாக உதவாது.

அப்புறம்தான் களத்தில் நடப்பது. பலரும் மண்ணுக்கு மேலே காந்தப்புலம் எப்படி மாறுகிறது என்று அளக்கும் காந்தமானியைத்தான் முதலில் தூக்குவார்கள், ஆனால் மண் முழுக்க இரும்புச் சில்லுகள் என்பதால் படம் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக நிரம்பிவிடும். அதற்குள் பல்பல்லாக மடங்கிப் போகும் கோடு தெரிகிறதா என்று தேடுங்கள். ஒரு குண்டின் வீச்சு குழி நெடுகப் பாயக்கூடாது என்றுதான் அப்படி மடக்கி வெட்டினார்கள். நேர்கோடாக ஓடினால் வடிகாலாகவோ குழாயாகவோ இருக்கலாம்.

தரை ஊடுருவும் ரேடார்? ஈரக் களிமண்ணில் அதன் அலை சீக்கிரம் அடங்கிவிடும். அங்கே என் தேர்வு மின்காந்தத் தூண்டல் கருவிதான், மண்ணின் மின்கடத்துதிறனையும் (மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது) காந்த ஏற்புத்திறனையும் (எவ்வளவு எளிதாகக் காந்தமாகிறது) ஒரே நடையில் அளந்துவிடலாம்.

நில உரிமையாளரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். துருப்பிடித்த குண்டு மேலே கிடந்தால் தொடாதீர்கள். போலீஸுக்குச் சொன்னால் ராணுவத்தின் குண்டு அகற்றும் பிரிவு வந்து எடுத்துப்போகும்.