நோயாளிகள் குளிக்கும் அறையில் சோப்பு டிஸ்பென்சர்: மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனை வார்டு கட்டும்போது ஷவருக்கும் கமோடுக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் வரைபடத்திலேயே இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். அழுத்தினால் திரவ சோப்பு தரும் சுவர்ப் பெட்டியான சோப்பு டிஸ்பென்சரை யாரும் நினைப்பதில்லை. டைல்ஸ் ஒட்டி முடித்து, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்த பிறகு ஒரு பெட்டி வந்து இறங்கும். டிரில்லிங் மெஷின் யார் கையில் இருக்கிறதோ அவர் தன் கண்ணுக்கு நேராக இரண்டு ஓட்டை போட்டு மாட்டிவிட்டுப் போவார். அவர் திடமான உடம்போடு, காய்ந்த தரையில், இரண்டு கையும் வீசி நிற்பவர். குளிக்கப் போகிறவரோ ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் முதல்முறையாக எழுந்து வருபவர். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

டிஸ்பென்சர் வைப்பது நல்ல முடிவுதான், அதில் சந்தேகமில்லை. நம் ஊரில் நோயாளியே சோப்புக் கட்டி கொண்டுவருவார். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது பாதி கரைந்த கட்டி அங்கேயே கிடக்கும். அடுத்து வருபவர் அதையே எடுத்துத் தேய்ப்பார், அல்லது அதன்மேல் கால் வைத்து வழுக்குவார். இதற்கு மாற்றாக வருகிற பொருளைச் சரியான இடத்தில், சரியான வகையில் பொருத்த வேண்டும் என்பதுதான் விஷயம்.

எட்டும் உயரம், எட்டும் பக்கம்

நின்றபடி குளிப்பவரை மட்டும் நினைத்து உயரம் வைப்பது முதல் தவறு. வார்டில் பலர் பிளாஸ்டிக் நாற்காலியிலோ குளியல் நாற்காலியிலோ உட்கார்ந்துதான் குளிக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல்தன்மை விதிகள், கையால் இயக்கும் பொருள்கள் தரையிலிருந்து 15 முதல் 48 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 38 முதல் 122 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. ஒரே கையால் இயக்க முடிய வேண்டும், இறுக்கிப் பிடிக்கவோ திருகவோ தேவைப்படக் கூடாது, அழுத்தும் விசை 5 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கின்றன. இந்தியாவிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் எல்லாப் பகுதிகளும் தடையின்றி அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. குளியலறை அதில் அடக்கம். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் என்றால் உட்கார்ந்தவருக்கும் எட்டும், நிற்பவரும் குனிய வேண்டியதில்லை.

உயரத்தைவிடப் பக்கம்தான் பலரும் யோசிக்காத விஷயம். பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கை வேலை செய்யாது. கேனுலா (நரம்பில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட்டவர் ஒரு கையை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளிப்பார். இடுப்பு மூட்டு மாற்றியவர் உடம்பை முறுக்கித் திரும்பக் கூடாது. டிஸ்பென்சரை நாற்காலிக்குப் பின்பக்கச் சுவரில் வைத்தால் இவர்களில் ஒருவராலும் பயன்படுத்த முடியாது. உட்கார்ந்தவருக்கு முன்பக்கம், ஹேண்ட் ஷவர் இருக்கும் சுவரிலேயே, எந்தக் கையாலும் தொடக்கூடிய இடத்தில் வையுங்கள். கை கழுவும் சிங்க் அருகே முழங்கையால் தட்டுவதற்கென்று இருக்கிற நீளக் கைப்பிடி மாடலை அப்படியே எடுத்து வந்து இங்கே மாட்ட வேண்டாம். நனைந்த தரையில் தடுமாறும்போது அது தலையிலும் தோளிலும் இடிக்கும்.

கைப்பிடிக் கம்பிக்கு நேர் மேலே வைப்பதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். சொட்டும் சோப்பு கம்பியில் படியும், விழப் போகிறவர் பிடிக்கும் ஒரே பிடிமானம் வழுக்கும். மேலே சொன்ன அமெரிக்க விதிகளும் கம்பிக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் பொருள்களுக்கு 12 அங்குல இடைவெளி கேட்கின்றன. அறைக்குள் கால் வைக்கும் இடத்திலும் சொட்டு விழக் கூடாது. வடிகால் இருக்கும் பக்கமாகத் தள்ளி வைத்தால் சோப்பு தண்ணீரோடு ஓடிவிடும். ஷவர் நேராக அடிக்கும் இடமும் வேண்டாம்.

நிரப்புவதை மாட்டும்போதே யோசியுங்கள்

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். மேல் மூடியைத் திறந்து கேனிலிருந்து ஊற்றும் வகை விலை குறைவு, அதனால் அதையே வாங்குகிறார்கள். பாதி காலியானதும் மேலே கொஞ்சம் ஊற்றுவார்கள். ஸ்டாக் தீரும் சமயத்தில் தண்ணீர் கலப்பார்கள். சோப்பில் கிருமி வளராது என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. திரவ சோப்பைக் கெடாமல் காப்பது அதிலுள்ள பதப்படுத்தும் வேதிப்பொருள். தண்ணீர் கலந்தால் அது நீர்த்துவிடும். பாத்திரத்தின் உள்சுவரிலும் பம்புக் குழாயிலும் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொள்ளும், புதிதாக ஊற்றும் சோப்பும் அதிலேயே கலந்து கெடும். சூடோமோனாஸ், செராஷியா போன்றவை இப்படி வளரக்கூடியவை.

பாதி காலியான டிஸ்பென்சரில் சோப்பைச் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2002லும், உலக சுகாதார நிறுவனம் 2009லும் தங்கள் கை சுகாதார வழிகாட்டுதல்களில் எழுதியிருக்கின்றன. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கிருமி கலந்த சோப்பால் கழுவிய பள்ளி மாணவர்கள், ஊழியர்களின் கைகளில் கிராம் நெகட்டிவ் பாக்டீரியா (சூடோமோனாஸ், செராஷியா அடங்கிய கிருமி வகை) கழுவுவதற்கு முன்பு இருந்ததைவிட 26 மடங்கு கூடியிருந்தது. அவர்கள் நலமாக இருந்தவர்கள். நம் குளியலறைக்கு வருபவரின் உடம்பில் புதுத் தையல் இருக்கலாம், வடிகுழாய் இருக்கலாம், கீமோ எடுத்து எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கலாம்.

ஆகவே மூடி முத்திரையிட்ட பவுச் வகையை வாங்குங்கள். வாங்கும்போது ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: பவுச்சோடு சேர்ந்தே முனையும் பம்பும் மாறுகிறதா? சிலவற்றில் பை மட்டும் புதிது, பம்பு வருடக்கணக்கில் பழையதாகவே இருக்கும். செலவு கட்டாது என்றால், கழற்றி எடுக்கக்கூடிய பாட்டில்களை இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலியானதும் பம்போடு கழுவி, முழுக்கக் காய வைத்து, பிறகே நிரப்பி, தேதி எழுதி மாட்ட வேண்டும். ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊற்றுவதற்கு வாய் திறந்திருக்கும் பாத்திரத்தைக் கையில் கொடுத்தால் யாரும் ஊற்றத்தான் செய்வார்கள்.

ஆபரேஷனுக்கு முன் குளிக்கத் தரும் 4 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தை, சாதாரண சோப்பு இருந்த பாட்டிலில் ஊற்றக் கூடாது. பெரும்பாலான சோப்பு, ஷாம்புகளில் இருக்கும் எதிர்மின் தன்மையுள்ள பொருள்கள் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். கண்ணிலும் காதிலும் படக்கூடாத மருந்து அது, பொது டிஸ்பென்சரில் அதற்கு இடமில்லை. குளோர்ஹெக்சிடின் பட்ட துண்டையும் போர்வையையும் குளோரின் பிளீச்சில் ஊற வைத்தால் பழுப்புக் கறை விழுந்துவிடும் என்பதைச் சலவைப் பிரிவுக்கும் சொல்லிவிடுங்கள்.

சுவரில் ஓட்டை போடும்போது

டைல்ஸுக்குப் பின்னால் வாட்டர்புரூஃப் பூச்சு இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டையும் அதைக் கிழிக்கிறது. சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, அடுத்த அறைச் சுவரில் பெயின்ட் உப்பி, பூஞ்சை பிடிக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சை நுரையீரலைத் தாக்கும் என்பதால், மருத்துவமனையில் இந்த ஓதத்தை அழகுக் குறையாக மட்டும் பார்க்க முடியாது. டைல்ஸ் தாண்டும்வரை டிரில்லிங் மெஷினின் ஹேமர் மோடை (இடித்துத் துளைக்கும் முறையை) அணைத்து வையுங்கள். ஓட்டைக்குள் முதலில் சிலிக்கான், அதன்பின் ஸ்குரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக், பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் குழாய்ப் பாதையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் பைப்பில் துளை விழாது. இரட்டைப் பக்க டேப் வெந்நீர் ஆவிக்குத் தாங்காது. பின்பக்கம் துடைக்கக் கழற்ற வசதியான பிராக்கெட் மாடல் நல்லது.

சென்சார் மாடல் வேண்டாம். ஷவர் தண்ணீர் பட்டே சோப்பைக் கொட்டும், பாட்டரி ஈரத்தில் துருப்பிடிக்கும்.

மனநல வார்டில், தற்கொலை முயற்சிக்கு வழி தராமல் இருக்க, துணியோ கயிறோ சிக்க இடம் தராத, மேல்பகுதி சரிந்த, சுவரோடு ஒட்டிய மாடல்தான் வேண்டும். சாதாரண மாடலை அங்கே வைக்கவே கூடாது. நினைவு தடுமாறும் முதியவர்கள் சோப்பைக் குடித்துவிடுவதும் உண்டு, அவர்கள் தனியாகக் குளிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லேபிளைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், கூடவே படமும் வேண்டும். வேலூருக்கும் சென்னைக்கும் வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்குப் படம்தான் புரியும். ஷாம்பு, சோப்பு என இரண்டு வைத்தால் கண் தெரியாதவர் தடவிப் பார்த்தே வேறுபாடு அறிய வேண்டும்.

ஓட்டை போடுவதற்கு முந்தைய நாள் காலி டிஸ்பென்சரை மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நர்ஸையும் ஹவுஸ்கீப்பிங் ஊழியர் ஒருவரையும் அழைத்து, குளியல் நாற்காலியில் உட்காரச் சொல்லி, ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரமான மற்றக் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கையை மாற்றிப் பார்க்கட்டும். அவர்கள் சொல்லும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். ஏற்கெனவே தவறான இடத்தில் மாட்டியிருந்தால் மாற்றத் தயங்க வேண்டாம். பழைய ஓட்டையை வெள்ளை சிமென்டால் பூசி மறைக்காமல், எப்பாக்சியால் அடைத்துவிட்டு நகர்த்துங்கள்.