புற்றுநோய் உயிரியல் ஆய்வரங்கு: ஒரே நாளில் உருப்படியாக நடத்த

நவம்பர் 7, தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள். அதையொட்டிப் பல கல்லூரிகள் ஒருநாள் ஆய்வரங்கு வைக்கின்றன. நிரல் போடும்போது முதலில் போஸ்டர் அமர்வுக்கு ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு, மீதி நேரத்தில் மற்றவற்றைப் பொருத்துங்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் அரை மணிக்குள் முடிய வேண்டும். தொடக்க விழா இழுத்தால் கடைசியில் வெட்டுப்படுவது போஸ்டர் நேரம்தான். இன்னும் முடிவடையாத ஆய்வைக் காட்டி, அடுத்து என்ன செய்யலாம் என்று மாணவர் கேட்கக்கூடிய ஒரே இடம் அது.

ஆய்வுச் சுருக்கம் 250 சொல் போதும். கூடவே ஒரு படிவமும் வாங்குங்கள்: செல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கும் செல் வகை) எங்கிருந்து வந்தது, எஸ்.டி.ஆர். சோதனையும் (செல்லின் டி.என்.ஏ. அடையாளம் பார்ப்பது) மைக்கோபிளாஸ்மா சோதனையும் (செல் வளர்ப்பில் தெரியாமல் தொற்றும் பாக்டீரியாவைத் தேடுவது) எப்போது செய்தது, தனித்தனியாக எத்தனை முறை சோதனை நடந்தது, நோயாளித் திசுவோ எலியோ இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் என்ன. செல் லைன் கேள்வி சடங்குக்காக அல்ல. மார்பகப் புற்றுநோய் என்று வெகுகாலம் பயன்பட்ட எம்.டி.ஏ.-எம்.பி.-435, எம்14 என்ற மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) செல் லைனிலிருந்து வந்தது என்று பின்னர் தெரிந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து வந்த ஹீலா செல்கள் கலந்துபோன லைன்களும் ஏராளம்.

நம் ஊரில் வரும் சுருக்கங்களில் மூலிகைச் சாறு, எம்.டி.டி. சோதனை (உயிருள்ள செல்கள் ஊதாவாக மாற்றும் மஞ்சள் சாயத்தை வைத்துச் செய்வது) என்ற இணை அதிகம். இதைத்தான் கவனமாகச் சலிக்க வேண்டும். எம்.டி.டி. அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றச் செயல்பாட்டை, சாவை அல்ல. ஊதா நிறம் குறைந்தால் செல் செத்திருக்கலாம், பெருகாமல் நின்றிருக்கலாம். இன்னொரு சிக்கல்: ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் நிறைந்த சாறு, செல்லே இல்லாமல் எம்.டி.டி.யை ஊதாவாக்கிவிடும், அப்போது மருந்து வேலை செய்தாலும் செல்கள் பிழைத்ததுபோல் காட்டும். ஆகவே மூன்று கண்ட்ரோல்களை (ஒப்பிட வைக்கும் சோதனைகளை) கேளுங்கள்: செல் இல்லாத வெல்லில் (பிளேட்டின் சிறு குழியில்) சாறும் எம்.டி.டி.யும், சாறு இல்லாமல் அதைக் கரைக்கும் கரைப்பான் டி.எம்.எஸ்.ஓ. மட்டும், கூடவே ஒரு புற்றுநோயற்ற செல் லைன். ஒரே பிளேட்டில் மூன்று வெல் போட்டுவிட்டு ‘n = 3’ என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். அது ஒரே சோதனைதான். வெவ்வேறு நாளில் புதிதாகச் செல் வளர்த்துச் செய்தால்தான் மூன்று.

போஸ்டர் ஏ0 அளவு (841 × 1189 மி.மீ.), நெட்டுவாக்கில் இருக்கட்டும். அகலவாக்கில் ஒருவர் அச்சடித்து வந்தால் பக்கத்துப் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும். தலைப்பு எழுத்து 80 புள்ளி, உள்ளே 28க்குக் குறையாமல். பளபளக்கும் ஃபிளெக்ஸில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) பட்டைகள் தெரியாது. மேட் காகிதம் நல்லது. பிளாட் படத்தில் மூலக்கூறு எடைக் குறியும் லோடிங் கண்ட்ரோலும் (எல்லா மாதிரியிலும் சம அளவு புரதம் ஏற்றியதைக் காட்டும் பட்டை) கட்டாயம். நுண்ணோக்கிப் படத்தில் ‘40எக்ஸ்’ என்று எழுதினால் போதாது: படத்தைப் பெரிதாக்கியதும் அந்த எண்ணுக்குப் பொருள் போய்விடும், அளவுகோல் கோடு மட்டுமே கூடவே பெரிதாகும். சிவப்பு-பச்சைக்குப் பதில் மெஜந்தா-பச்சை போட்டால் நிறக்குறை உள்ளவர்களுக்கும் பிரித்தறிய முடியும்.

எல்லா மாணவரும் ஒரே நேரத்தில் தங்கள் போஸ்டர் அருகிலேயே நின்றால் மற்றவருடையதைப் பார்க்கவே முடியாது. முதல் 45 நிமிடம் ஒற்றைப்படை எண்கள், அடுத்த 45 இரட்டைப்படை எண்கள். ஒரு நடுவர் ஒரு மணி நேரத்தில் எட்டுப் போஸ்டருக்கு மேல் ஒழுங்காகப் பார்க்க முடியாது. 30 போஸ்டர், ஒவ்வொன்றுக்கும் இரு நடுவர் என்றால் 60 பார்வை. அமர்வு ஒன்றரை மணி என்பதால் ஐந்து பேர் போதும், வராதவருக்கு மாற்றாக ஆறாவது ஒருவர். சொந்த நெறியாளர் மதிப்பெண் போடக் கூடாது.

உரைக்கு 12 நிமிடம், கேள்விக்கு 3. கோப்புகளை முந்தின நாள் மாலையே வாங்கி, மேடைக் கணினியிலேயே திறந்து பாருங்கள்; செல் நகரும் வீடியோக்கள் அங்கேதான் ஓடாமல் நிற்கும்.

காப்புரிமை எண்ணம் உள்ளவர்கள் சுருக்கம் அனுப்பும் முன்பே பல்கலைக்கழகக் காப்புரிமைப் பிரிவிடம் பேசியாக வேண்டும். சுருக்கத் தொகுப்பு கைக்குக் கை போனாலே அது வெளியீடாகக் கருதப்படலாம். படம் எடுக்கக் கூடாத போஸ்டர்களில் கேமராவைக் குறுக்காக அடித்த குறியை அமைப்பாளர்களே ஒட்டிவிடுங்கள். மாணவர் பேராசிரியரைத் தடுக்கத் தயங்குவார்.

நடுவரின் தாளில் மதிப்பெண்ணுக்குக் கீழே ‘அடுத்து செய்ய வேண்டிய ஒரு சோதனை’ என்று ஒரு வரி விடுங்கள். பரிசு கிடைத்தவர், கிடைக்காதவர் எல்லோருக்கும் அந்தத் தாளின் நகலை அன்று மாலையே கொடுங்கள்.